கலத்தில் எழுதிய கலம்

நுழையும்முன்

‘கலம்’ என்னும் தமிழ்ச்சொல் உண்ணும் பாத்திரத்தையும் குறிக்கும். கடலில் செல்லும் கப்பலையும் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் செய்யப்பட்ட சில பீங்கான் பொருள்களில் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைந்தன. ஐரோப்பிய, அமெரிக்க வணிகருக்காக அங்கே வனையப்பட்ட கிண்ணங்களிலும் தட்டுகளிலும் கப்பல்களும் துறைமுகங்களும் தீட்டப்பட்டன. இன்று அவை உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் காணும் படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் எனில், எந்த அளவுக்கு? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

பெயர் ஒன்று, படம் வேறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு துறைமுக நகரம் உண்டு. நம் சேலத்துக்கும் அதற்கும் ஒலியொற்றுமை அன்றி வேறு தொடர்பில்லை. அங்குள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. மதுவும் பழச்சாறும் சர்க்கரையும் கலந்த ‘பஞ்ச்’ என்னும் பானத்தை விருந்தினர் பலருக்கும் முகந்து வழங்குவதற்கான கிண்ணம் அது. அதன்மேல் மூன்று பாய்மரங்களைக் கொண்ட கப்பல் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. ‘கிராண்ட் டர்க்’ என்னும் கப்பல் 1786ஆம் ஆண்டு கான்டன் துறையில் இருந்தது என்னும் குறிப்பும் அக்கிண்ணத்தில் எழுதப்பட்டுள்ளது.

கிராண்ட் டர்க் கற்பனைக் கப்பல் அன்று. சேலம் நகரத்துப் பெருவணிகர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பி என்பவருக்கு உரியது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து சீனம் சென்று சேர்ந்த முதற்கப்பல் அதுவே. ஆகவே, அக்கிண்ணத்தைக் காண்போர் அந்தக் கப்பலின் உண்மைத் தோற்றத்தையே காண்பதாக எண்ணுவது இயல்பு.

எனினும் கிண்ணத்தில் உள்ளது கிராண்ட் டர்க் அன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த வில்லியம் ஹட்சின்சன் கப்பல் செலுத்தும் கலை பற்றி எழுதிய நூலொன்று 1777இல் வெளிவந்தது. அந்நூலின் முகப்பில் ‘ஹால்’ என்னும் ஆங்கிலேயக் கப்பலின் படம் அச்சிடப்பட்டிருந்தது. சீன ஓவியர் அந்த அச்சுப்படத்தை முன்னே வைத்துக்கொண்டு வரைந்து, அமெரிக்கக் கொடியைச் சேர்த்து, வேண்டிய பெயரை எழுதிக் கொடுத்துள்ளார். அமெரிக்காவிலிருந்து சீனத்துக்குச் சென்ற முதல் வணிகக் கப்பல் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’. அது 1784 பிப்ரவரி 22இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. அதன் மீகாமன் ஜான் கிரீன் பெயர் பொறித்த கிண்ணம் ஒன்றும் நியூஜெர்சி மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள கப்பலும் அதே அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்ததே. ஒரே ஆங்கிலேயக் கப்பல் இரண்டு அமெரிக்கப் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

இதனை ஏமாற்று வேலை என்று கூறுவது பொருந்தாது. விலை கொடுத்தவரும் ஏமாறவில்லை. தம் கப்பலைத் தாமே நன்கறிந்த மீகாமனுக்குப் படத்தில் இருப்பது வேறு கப்பல் என்பது தெரியாமல் இருந்திருக்காது. அவர் விரும்பியது நிழற்படம் போன்ற நேர்மை அன்று. உயிரைப் பணயம் வைத்துச் சென்று மீண்ட பயணத்தின் நினைவுச்சின்னம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் கப்பல் எழுதிய பீங்கான்களைச் சரியாகப் படிக்க இயலும்.

மலை கடந்து வந்த வெண்கலன்கள்

கடற்காட்சிகளைத் தாங்கிய இக்கலன்கள் பிறந்த இடம் கடற்கரை அன்று. சீனத்தின் ஜியாங்சி மாநிலத்தில், கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே தள்ளி, ஜிங்டெஜென் என்னும் ஊர் உள்ளது. பல நூற்றாண்டுகளாகப் பீங்கான் தொழிலுக்கே பெயர்பெற்ற ஊர் அது. பீங்கானுக்கு இரு மூலப்பொருள்கள் தேவை. ஒன்று, கயோலின் எனப்படும் வெண்களிமண். ஜிங்டெஜென்னுக்கு அருகில் உள்ள காவோலிங் என்னும் ஊரின் பெயரே திரிந்து இம்மண்ணுக்கு உலகப் பெயராயிற்று. மற்றொன்று, பொடியாக்கிய ஒருவகை வெண்பாறை. இரண்டையும் பிசைந்து வனைந்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், பாறைப்பொடி உருகிக் களிமண் துகள்களை இறுகப் பிணைக்கிறது. நீர் உறிஞ்சாத, தட்டினால் மணிபோல் ஒலிக்கும், மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவும் வெண்கலன் கிடைக்கிறது.

இக்கலவையின் நுட்பம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல் தொழிற்கூடம் தொடங்கப்படும் வரை உண்மையான பீங்கானை அவர்கள் ஆசியாவிலிருந்தே பெற வேண்டியிருந்தது. 1603இல் சிங்கப்பூருக்கு அருகே டச்சுக்காரர்கள் ‘சாண்டா கத்தரீனா’ என்னும் போர்த்துகீசியக் கப்பலைக் கைப்பற்றினர். அதிலிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் பீங்கான் பொருள்கள் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டபோது, வாங்குவதற்குப் பெரும் போட்டி எழுந்தது. சீனப் பீங்கான்மீது வடமேற்கு ஐரோப்பா கொண்ட வேட்கையின் தொடக்கமே ஒரு கொள்ளைப்பொருளில் இருந்தது என்பது கருதத்தக்கது.

டான்ட்ரெகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஜிங்டெஜென்னில் வாழ்ந்து, 1712, 1722 ஆகிய ஆண்டுகளில் அங்குள்ள தொழிலைப் பற்றி விரிவான கடிதங்கள் எழுதினார். இரவில் சூளைகளின் தீயால் ஊர் முழுவதும் எரிவதுபோல் தோன்றும் என்று அவர் குறிப்பிட்டார். ஒரு கிண்ணம் முழுமை பெறுவதற்குள் எழுபது பேரின் கைகளைக் கடக்கிறது என்றும் எழுதினார். விளிம்பில் வட்டக்கோடு இழுப்பவர் வேறு. பூவின் புறக்கோட்டை வரைபவர் வேறு. அதற்கு வண்ணம் இடுபவர் வேறு. ஒரு படத்தை முழுவதும் ஒருவரே தீட்டும் வழக்கம் அங்கில்லை.

இக்கலன்களில் ஓவியம் தீட்டும் முறை இருவகைப்படும். கோபால்ட் என்னும் கனிமத்தால் ஆன நீலத்தை, மெருகுப்பூச்சு இடுவதற்கு முன்பே தீட்டிச் சுடுவது ஒரு முறை. அந்த நீலம் கண்ணாடி போன்ற மெருகின் அடியில் பாதுகாப்பாக அமைந்துவிடும். சுட்டு மெருகேறிய வெண்கலனின் மேற்பரப்பில் சிவப்பு, பச்சை, பொன், கருமை முதலிய எனாமல் வண்ணங்களைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் ஒருமுறை சுடுவது இன்னொரு முறை. கப்பலும் கொடியும் பெயரும் பல வண்ணங்களில் வேண்டும் என்பதால், கப்பற்படக் கலன்களில் பெரும்பாலானவை இரண்டாம் முறையில் தீட்டப்பட்டன.

வண்ணம் தீட்டாத வெண்கலன்கள் ஜிங்டெஜென்னிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, போயாங் ஏரியைக் கடந்து, கான் ஆற்றின் வழியே தெற்கு நோக்கிச் சென்றன. வழியில் மெய்லிங் கணவாய் குறுக்கிட்டது. அங்கே சுமைதூக்குவோர் அவற்றைத் தோளில் சுமந்து மலையைக் கடந்தனர். மீண்டும் படகேறி ஆற்றின் போக்கில் கான்டன் வந்து சேர்ந்தன. கடலைத் தாங்கவிருந்த கிண்ணம் முதலில் ஒரு மலையை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

சீனப் பீங்கான் தமிழகக் கடற்கரைக்குப் புதியதன்று. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் நடந்த அகழாய்வில் இடைக்காலச் சீன ஓடுகள் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்தனர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது. ‘பீங்கான்’ என்னும் சொல்லோ பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது.

கான்டன் துறை

இன்று குவாங்சௌ எனப்படும் கான்டன், தென்சீனத்தில் முத்தாற்றின் கரையில் அமைந்த நகரம். சீனப் பேரரசர் சியன்லுங் 1757இல் பிறப்பித்த ஆணையால், மேலை நாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்யத்தக்க ஒரே சீனத் துறை என்னும் நிலையை அது பெற்றது. அபினிப் போரின் முடிவில் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை இந்நிலை நீடித்தது.

அங்கு வந்த அயல்நாட்டவர்க்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. மதிலுக்கு உட்பட்ட நகரத்தினுள் அவர்கள் நுழைய முடியாது. ஆற்றங்கரையில் வரிசையாக அமைந்த, ‘பதின்மூன்று பண்டகசாலைகள்’ என வழங்கிய கட்டடங்களிலேயே தங்க வேண்டும். மனைவியரை அழைத்து வரக்கூடாது. அரசு உரிமம் பெற்ற சீன வணிகர் வழியாகவே வாங்கவும் விற்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, சரக்கு ஏற்றிக்கொண்டு, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பிவிட வேண்டும்.

படங்களைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தி இன்றியமையாதது. பெரிய கப்பல்கள் கான்டன் வரை வருவதில்லை. நகருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கீழே, வாம்போவா என்னும் இடத்தில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து சிறு படகுகளே நகருக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்றன. ஆகவே, நகரத்துப் பட்டறையில் அமர்ந்து கப்பலை வரைந்த ஓவியருக்கு, தாம் வரையும் கப்பல் கண்ணெதிரே இல்லை. அவர்முன் இருந்தது ஒரு தாள் மட்டுமே.

அந்தப் பட்டறைகள் சிலவற்றைப் பண்டகசாலைகளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹோனாம் தீவில் 1769இல் நேரில் கண்டவர் வில்லியம் ஹிக்கி. சென்னைப் படையில் பணிபுரிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியால் அனுப்பப்பட்டு, அப்பணி பிடிக்காமல் சீனம் வழியாகத் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் அவர். பிற்காலத்தில் தாம் எழுதிய நினைவுக்குறிப்புகளில் அக்காட்சியைப் பதிவு செய்துள்ளார். நீண்ட கூடம் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்து கலன்களில் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுள் முதுமை எய்தியோரும் இருந்தனர். ஆறு, ஏழு வயதுச் சிறுவர்களும் இருந்தனர்.

இச்சிறு குறிப்பு மிகவும் மதிப்புடையது. கிண்ணங்களில் மீகாமனின் பெயர் இருக்கிறது. கப்பலின் பெயர் இருக்கிறது. ஆண்டும் ஊரும் இருக்கின்றன. தீட்டியவரின் பெயர் இல்லை. பாய்மரக் கயிறு ஒவ்வொன்றையும் மயிரிழைத் தூரிகையால் இழுத்த கை ஒரு முதியவருடையதா, ஏழு வயதுக் குழந்தையுடையதா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்துக் கூற இயலாது. ஹிக்கி கண்டு எழுதாமல் விட்டிருந்தால், அக்குழந்தைகள் அங்கே இருந்தனர் என்பதும் நமக்குத் தெரிந்திராது.

தாளிலிருந்து கலனுக்கு

ஐரோப்பிய அச்சுப்படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி எடுக்கப்பட்டவை. நிழலையும் ஒளியையும் காட்ட நெருக்கமான நுண்கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இடுவது அக்கலையின் முறை. சீன ஓவியர்க்கு இம்முறை புதிது. மை அடர்த்தியின் ஏற்றத்தாழ்வாலும் தூரிகையின் வேகத்தாலும் உருவங்காட்டும் மரபில் வந்தவர்கள் அவர்கள். ஆயினும் 1730களுக்குள் செப்புத்தகட்டுக் கோடுகளைக் கருமை வண்ணத்தால் அப்படியே பீங்கானில் ஏற்றும் திறனை அடைந்துவிட்டனர். தொலைவிலிருந்து பார்ப்பவர் அதனைத் தாளில் அச்சிட்ட படமென்றே கருதுவர்.

கம்பெனிகள் பெருந்தொகையில் வாங்கியவை எளிய நீல வெள்ளைக் கலன்கள். கப்பற்படம் தீட்டிய கலன்களோ பெரும்பாலும் தனியார் சொல்லிச் செய்தவை. மீகாமனுக்கும் உயர்நிலைப் பணியாளர்க்கும் கப்பலில் ஒரு பகுதி இடத்தைச் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. அவ்வுரிமையைக் கொண்டு அவர்கள் தமக்கும் தம் நண்பர்க்கும் இத்தகைய கலன்களைச் செய்வித்துக்கொண்டனர். வெண்கலன் கான்டனில் ஆயத்தமாக இருந்ததால், கப்பல் காற்றுக்குக் காத்திருக்கும் சில மாதங்களுக்குள் வண்ணம் தீட்டி முடித்துவிடலாம்.

இவற்றுள் ‘விரைபர்க்’ என்னும் டச்சுக் கப்பலின் தட்டுகள் குறிப்பிடத்தக்கவை. கப்பலின் படத்தோடு, மீகாமன் யாக்கோப் ரைசிக் என்பவரைச் சிறப்பிக்கும் டச்சு வாசகமும் 1756 என்னும் ஆண்டும் அவற்றில் உள்ளன. அதே கப்பல், அதே ஆண்டு, ஆனால் மீகாமனுக்கு அடுத்த நிலையில் இருந்த துணைவரின் பெயரோடு வேறு தட்டும் உண்டு. படம் மாறவில்லை; பெயர் மட்டும் மாறியது. திருமண அழைப்பிதழில் அச்சகத்தார் படத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவதை ஒத்தது இது.

எல்லாக் கலன்களும் வெறும் படிகள் என்று முடிவு கட்டுவதும் தவறாகும். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனுக்காகச் செய்யப்பட்ட விருந்துக்கலத் தொகுதி இதற்குச் சான்று. 1740இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஆன்சனின் ‘சென்சூரியன்’ கப்பல் 1743இல் கான்டன் துறைக்கு வந்திருந்தபோது நகரில் பெருந்தீ பரவியது. கப்பற்பணியாளர்கள் முனைந்து தீயை அணைத்தனர். அதற்கு நன்றியாக அங்கிருந்த ஐரோப்பிய வணிகர் இத்தொகுதியை வழங்கினர் என்று கூறப்படுகிறது. தட்டின் விளிம்பில் ஒருபுறம் இங்கிலாந்தின் பிளிமத் துறையும் மறுபுறம் சீனத்து முத்தாறும் தீட்டப்பட்டுள்ளன. நடுவில் நிற்பது சீமைப்பலா மரம். கப்பலில் இருந்த அலுவலர் பியர்சி பிரெட் வரைந்த படங்களே அதற்கு அடிப்படை.

தட்டின் நடுவே ஒரு மரம் ஏன்? ஆன்சனுடன் பல கப்பல்களில் புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் பெரும்பாலோர் நோயால் மடிந்தனர். காயும் கனியும் இல்லாத நெடும்பயணத்தில் உயிர்ச்சத்துக் குறைவால் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும் ‘ஸ்கர்வி’ என்னும் நோயே அவர்களுள் பலரைக் கொன்றது. எஞ்சியோர் பசிபிக் பெருங்கடலில் உள்ள டினியன் தீவில் இறங்கியபோது, அவர்களுக்கு உணவாகி உயிர் மீட்டவற்றுள் ஒன்று இந்தச் சீமைப்பலா. அச்சுப்படம் ஒன்றைப் படியெடுத்திருந்தால் இம்மரம் தட்டில் ஏறியிராது. பிழைத்து வந்தவர்கள் தாங்களாகவே நினைவுகூர விரும்பியது அது. மடிந்தவர்களைத் தட்டு காட்டவில்லை. எனினும் மரத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு அவர்கள் நினைவுக்கு வருவர்.

கடலடியில் கிடந்தவை

படத்தில் உள்ள கப்பல் எப்போதும் பாதுகாப்பாக மிதக்கிறது. பீங்கானை ஏற்றிச் சென்ற கப்பல்கள் எல்லாம் அவ்வாறு மிதக்கவில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘கெல்டர்மால்சன்’ என்னும் கப்பல் 1751 டிசம்பர் 18இல் சீனத்திலிருந்து தாய்நாடு நோக்கிப் புறப்பட்டது. 1752 ஜனவரி 3இல் தென்சீனக் கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 112 பேரில் 32 பேர் மட்டுமே இரண்டு படகுகளில் தப்பி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவை அடைந்தனர். சரக்கில் மதிப்புமிக்கவை தேயிலையும் தங்கமும். பீங்கான் பொருள்கள் பெருந்தொகையில் இருந்தும், சரக்கின் மொத்த மதிப்பில் அவற்றின் பங்கு சிறிதே. கப்பலின் அடியில் பீங்கான் பெட்டிகளை அடுக்கினால் அவற்றின் பாரம் கப்பலைச் சாயாமல் காக்கும். கசியும் நீரால் பீங்கானுக்குக் கேடில்லை. அதன்மேல் அடுக்கிய தேயிலையோ நனையாமல் இருக்கும். தேயிலைக்கு ஒரு தரைத்தளமாகவே பீங்கான் பயணம் செய்தது.

தப்பி வந்தவர்களைக் கம்பெனி அனுதாபத்தோடு வரவேற்கவில்லை. தங்கம் எங்கே என்றே கேட்டது. பாய்மரக் கயிறுகளுக்குப் பொறுப்பாளராயிருந்த கிறிஸ்டோஃபல் வான் டெய்க் என்பவர், தங்கத்தைத் தம் படகில் ஏற்றி ஒளித்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் கடுமையாக விசாரிக்கப்பட்டார். 1985இல் மைக்கேல் ஹேட்சர் என்பவர் அந்தக் கப்பலின் சிதைவைக் கண்டறிந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக்கட்டிகள் கடலடியிலேயே கிடந்தன. 233 ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஐயம் நீங்கியது.

மீட்கப்பட்ட பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன. அவை பெரிதும் நீல வெள்ளைக் கலன்களே. மெருகின் அடியில் இருந்த நீலம் உப்புநீரில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடந்தும் நிறைய கலன்களில் மங்கவில்லை. மெருகின்மேல் தீட்டிய எனாமல் வண்ணமோ கடல்நீரில் அரித்துப் போனது. கப்பற்படக் கலன்கள் எத்தகைய வண்ணத்தால் ஆனவை என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். கப்பலை வரைந்த வண்ணம் கடலைத் தாங்கக்கூடியது அன்று. கரைசேர்ந்த கலன்களில் மட்டுமே அக்கப்பல்கள் இன்றும் காணக்கிடக்கின்றன.

அந்த ஏலத்துக்குச் சீன அரசு தன் பீங்கான் வல்லுநர் இருவரை 30,000 டாலருடன் அனுப்பியது. விலைகள் ஏறிய வேகத்தில் அவர்களால் ஒரு பொருளைக்கூட வாங்க முடியவில்லை. தம் நாட்டில் வனைந்த கலன்கள் அயலார்க்கு விற்கப்படுவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினர். மறுஆண்டே சீனம் தனக்கெனக் கடலடி அகழாய்வுப் பிரிவைத் தொடங்கியது. தொல்லியலாளர்க்கோ வேறொரு வருத்தம் இருந்தது. விற்பனையை நோக்கமாகக் கொண்டு பொருள்களை அள்ளும்போது, எந்தப் பெட்டி எங்கே இருந்தது, எதனோடு எது கிடந்தது என்னும் செய்திகள் அழிந்துவிடுகின்றன. கடலடிப் பண்பாட்டு மரபுகளை வணிகப் பொருளாக்கக் கூடாது என்னும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2001இல்தான் உருவாயிற்று.

கொடிகள் சொல்லும் காலம்

இதுவரை கண்ட கலன்களில் ஓவியர் வரைந்தது பிறர் தந்த படத்தை. தாம் அறிந்த காட்சியை அவர் வரைந்த கலன்களும் உள்ளன. கான்டன் ஆற்றங்கரையின் பண்டகசாலை வரிசையைச் சுற்றிலும் தீட்டிய பெரிய பஞ்ச் கிண்ணங்களே அவை. ஏறத்தாழ 1760களின் இறுதியிலிருந்து அந்நூற்றாண்டின் முடிவு வரை இவை செய்யப்பட்டன. கிண்ணத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால், ஆற்றில் படகில் செல்பவர்க்குக் கரை நகர்வதுபோல, கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தூண்கள், மாடங்கள், சாளரங்கள், முன்றிலில் பேசி நிற்கும் வணிகர்கள், நீரில் சீனப் படகுகள், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் அந்தந்த நாட்டின் கொடி என எதுவும் விடுபடவில்லை.

இக்கொடிகள் வரலாற்றாய்வாளர்க்குப் பெருந்துணை. டென்மார்க், பிரான்சு, ஆஸ்திரியா, சுவீடன், பிரிட்டன், ஹாலந்து ஆகியவற்றின் கொடிகளே முந்தைய கிண்ணங்களில் பறக்கின்றன. அமெரிக்கக் கப்பல் 1784இல்தான் முதன்முதலாக அங்கு வந்தது. எனவே அமெரிக்கக் கொடி உள்ள கிண்ணம் அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் வெண்கொடி. பின்னர் 1790களில் மூவண்ணக் கொடி. ஆக, பிரெஞ்சுக் கொடியின் நிறமும் ஒரு காலக்குறிப்பாகிறது.

ஆனால் இச்சான்றைக் கையாள்வதில் ஒரு கவனம் வேண்டும். கொடி இருப்பது, ‘இதற்கு முந்தியதன்று’ என்பதை மெய்ப்பிக்கும். கொடி இல்லாதது, ‘இதற்குப் பிந்தியதன்று’ என்பதை மெய்ப்பிக்காது. பட்டறையில் பழைய மாதிரிப்படம் ஒன்று கிடந்திருக்கலாம். அதைப் பார்த்துப் பல ஆண்டுகள் கழித்தும் ஒருவர் தீட்டியிருக்கலாம். கப்பற்படங்களில் நிகழ்ந்தது இங்கும் நிகழ வாய்ப்புண்டு. அதனால் ஆய்வாளர்கள் கொடிகளோடு கட்டட முகப்புகளின் மாற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தே காலத்தைக் கணிக்கின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் தளர்ந்தது. இங்கிலாந்தின் மட்கலத் தொழிற்சாலைகள் மலிவான கலன்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. சீனக் காட்சிகளையே அவை தம் கலன்களில் அச்சிட்டு விற்றன என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது.

பண்டகசாலைகள் 1822இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டன. இரண்டாம் அபினிப் போரின்போது 1856இல் மறுபடியும் எரிந்தன. அதன்பின் அங்கே அவை கட்டப்படவில்லை. அயல்நாட்டு வணிகர் சற்று மேற்கே உள்ள ஷாமியான் தீவுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று அக்கட்டடங்களின் தோற்றத்தை அறிய விரும்புவோர் பழைய ஓவியங்களையும் இக்கிண்ணங்களையுமே நாடுகின்றனர். மாடத்துக்கு எத்தனை தூண், எந்தக் கட்டடத்துக்கு அடுத்து எது, கொடிமரம் எங்கே நின்றது என அவற்றில் எண்ணிப் பார்க்கின்றனர். எதிர்க்கரையில், ஹோனாம் தீவின் நீண்ட கூடத்தில் அமர்ந்து தீட்டியவர்கள், தலையை நிமிர்த்தி ஆற்றுக்கு அப்பால் பார்த்தால் தெரிந்த காட்சி அது.